முகச்சுருக்கக் கிரீம்: வாங்குபவருக்குப் பயன் எவ்வளவு? விற்பவருக்குப் பொறுப்பு எவ்வளவு?

(சரக்கறிவுப் பாடம்)



பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய் இவற்றின் தரத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் அள்ளிப் பார்த்தால் தெரியும், முகர்ந்து பார்த்தால் தெரியும், வாயில் போட்டால் தெரியும். மூடி ஒட்டிய டப்பாவில் வரும் சரக்கு அப்படியல்ல. அதன் குணத்தை லேபிளும் விளம்பரமும்தான் சொல்கின்றன. அவை சொல்வதை அப்படியே நாமும் திருப்பிச் சொல்லி விற்கிறோம்.

மளிகைக் கடைகளில் சோப்பு, பவுடர் இருக்கும் தட்டுக்குப் பக்கத்தில் இன்று முகச்சுருக்கக் கிரீம், சீரம் வகைகளும் வந்துவிட்டன. மாதச் சாமான் வாங்க வரும் அம்மா ஒருவர் அந்த டப்பாவைக் கையில் எடுத்து, "அண்ணாச்சி, இது நிஜமாகவே கேட்குமா?" என்று கேட்கிறார். அவர் கையில் இருப்பது ஐந்நூறு, எழுநூறு ரூபாய்ச் சரக்கு. பல வீடுகளில் அது ஒரு வாரத்துக் காய்கறிச் செலவு. டி.வி.யில் வரும் நடிகையிடம் அவர் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. நம்மிடம்தான் கேட்கிறார். எனவே பதில் தெரிந்து வைத்திருப்பது நம் கடமை. அதற்கு வேண்டிய விவரங்களை வரிசையாகப் பார்ப்போம்.

1. சுருக்கம் ஏன் விழுகிறது?

நம் தோலில் மேல்தோல், உள்தோல் என இரண்டு முக்கிய அடுக்குகள் உண்டு. உள்தோலில் கொலாஜன், எலாஸ்டின் என்ற நார்ப்பொருள்கள் பின்னிக் கிடக்கின்றன. கட்டிலுக்குக் கயிறு எப்படியோ, தோலுக்கு இவை அப்படி. கயிறு இறுக்கமாக இருக்கும்வரை கட்டில் தொய்வதில்லை. வயது ஏற ஏற இந்த நார்கள் குறைகின்றன, தளர்கின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் முதல் சில ஆண்டுகளில் இந்தக் குறைவு வேகமாக நடக்கிறது.

வயதைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. முதலாவது வெயில். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் 'பி' வகை தோலைச் சிவக்கவும் கருக்கவும் வைக்கிறது. 'ஏ' வகை ஆழமாக இறங்கி உள்தோலின் நார்களைக் கெடுக்கிறது. சாதாரணக் கண்ணாடி 'பி' வகையில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். 'ஏ' வகையில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். அமெரிக்காவின் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற மருத்துவ இதழ் 2012ல் ஒரு புகைப்படத்தை வெளியிட்டது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது ஓட்டுநரின் முகம் அது. அந்நாட்டில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். ஜன்னலை ஒட்டியிருந்த இடக் கன்னம் தடித்து, ஆழ்ந்த சுருக்கங்களுடன் காணப்பட்டது. வலக் கன்னம் அந்த அளவுக்குக் கெடவில்லை. ஒரே மனிதர், ஒரே வயது, ஒரே சாப்பாடு. வேறுபாடு வெயில் மட்டுமே.

தெருவைப் பார்த்த கடையில், ஒரே பக்கத்து வெயிலில் பல ஆண்டுகள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது புகைப்பழக்கம். அதுவும் நார்களைக் கெடுத்துச் சுருக்கத்தை விரைவுபடுத்துகிறது. மூன்றாவது, சிரிப்பதாலும் நெற்றி சுருக்குவதாலும் தசை மடிந்து விழும் கோடுகள். நான்காவது வறட்சி. தோலில் ஈரம் குறைந்தால் மெல்லிய கோடுகள் எடுப்பாகத் தெரியும்.

நம் மக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாநிறமும் கருநிறமும் உள்ள தோலில் இயற்கையான நிறமி அதிகம். அது ஓரளவு குடை போலக் காக்கிறது. ஆகையால் வெள்ளைக்காரர்களுக்கு விழும் வயதில் நமக்குச் சுருக்கம் விழுவதில்லை. வெயிலின் கெடுதல் நம் முகத்தில் மங்காகவும் கருந்திட்டாகவும்தான் முதலில் தெரிகிறது. பிற நாட்டு விளம்பரத்தைப் பார்த்து முப்பது வயதில் சுருக்கக் கிரீம் தேடும் பெண்ணுக்குப் பெரும்பாலும் அந்தச் சரக்கின் தேவையே இருக்காது.

2. டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

பெயர்கள் நூறு வகை. உள்ளே இருக்கும் சரக்கைப் பிரித்தால் ஐந்து வகைக்குள் அடங்கிவிடும்.

(அ) ஈரம் காக்கும் பொருள்கள்: கிளிசரின், பெட்ரோலியம் ஜெல்லி, எண்ணெய் வகைகள், ஹயலூரானிக் அமிலம் முதலியன. எந்தச் சுருக்கக் கிரீமிலும் பெரும்பகுதி தண்ணீரும் இவையும்தான். தடவிய சில மணி நேரத்தில் மேல்தோல் ஈரம் பிடித்து உப்புகிறது. மெல்லிய கோடுகள் மறைந்தது போலத் தெரிகின்றன. இது பொய்யல்ல, நிஜமான பலன்தான். ஆனால் தடவுவதை நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். இதே பலனை விலை குறைந்த சாதாரண மாய்ஸ்சரைசரும் தரும்.

(ஆ) வெயில் தடுப்புப் பொருள்கள்: அதாவது சன்ஸ்கிரீன். விழுந்த சுருக்கத்தை இது எடுப்பதற்கல்ல. இனி விழப்போவதைத் தள்ளிப்போடுவதற்கு.

(இ) ரெட்டினால் வகை: வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் வலுவானது டிரெட்டினாயின். அது மருந்து, அழகுப் பொருள் அல்ல. வெயிலால் கெட்ட தோலில் அது ஓரளவு வேலை செய்கிறது என்பது 1980களில் நடந்த ஆய்வுகளில் தெரிந்தது. 1995 இறுதியில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை மெல்லிய சுருக்கங்களுக்கு அதை அனுமதித்தது. அந்த மருந்தின் லேபிளிலேயே, இது சுருக்கத்தை அறவே நீக்காது, வெயிலால் கெட்ட தோலைப் பழைய நிலைக்குத் திருப்பாது என்று எழுத வேண்டியிருந்தது. மருந்தே அப்படியென்றால், அதைவிட வலுக்குறைந்த ரெட்டினால் கலந்த கடைக் கிரீமிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. சிறிது பலன் உண்டு, மெதுவாக வரும். மூன்று மாதத்துக்குக் குறைந்து எதுவும் தெரியாது. முதல் சில வாரங்களில் சிலருக்கு எரிச்சலும் தோல் உரிதலும் ஏற்படும்.

(ஈ) வைட்டமின் சி, நியாசினமைடு, கிளைகாலிக் அமிலம் போன்றவை: இவற்றுக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. நிறத்தைச் சீராக்குவதிலும், தோலின் சொரசொரப்பைக் குறைப்பதிலும் உதவுகின்றன. ஆழ்ந்த மடிப்பை இவை எடுத்துவிடும் என்று எண்ணக்கூடாது. கிளைகாலிக் அமிலம் தடவிய தோல் வெயிலில் எளிதாகக் கெடும். எனவே சன்ஸ்கிரீன் இல்லாமல் அதைப் பயன்படுத்தக்கூடாது.

(உ) கொலாஜன், தங்கத்தூள், முத்துத்தூள் வகைகள்: குறைந்துபோன கொலாஜனை மேலிருந்து தடவி நிரப்பலாம் என்பது கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் மேல்தோலைத் தாண்டி உள்ளே இறங்கும் பொருளின் மூலக்கூறு எடை சுமார் 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்பது தோல் ஆய்வாளர்கள் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. கொலாஜனின் எடை சுமார் 3,00,000 டால்டன். சல்லடைக் கண்ணில் பூசணிக்காய் எப்படி இறங்கும்? அது மேலே படிந்து ஈரம் காக்கும், அவ்வளவே.

3. பரிசோதனைகள் சொல்வது

இரண்டு மூட்டையிலிருந்து சாம்பிள் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் நாம் கொள்முதல் செய்கிறோம். கிரீமுக்கும் அதே முறைதான். ஒரு பிரிவினருக்குச் சரக்குள்ள கிரீம், மற்றொரு பிரிவினருக்குச் சரக்கில்லாத வெறும் கிரீம். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. கடைசியில் ஒப்பிட்டுப் பார்ப்பது. அறிய வேண்டிய சோதனைகள் மூன்று.

முதலாவது ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் நடந்தது. 1992 முதல் 1996 வரை 55 வயதுக்குட்பட்ட 903 பேரைக் கவனித்தார்கள். ஒரு பிரிவினர் தினந்தோறும் சன்ஸ்கிரீன் தடவினர். மற்றவர்கள் தங்கள் விருப்பம்போல் விட்டனர். தினமும் தடவியவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. இதன் முடிவு 2013ல் வெளியாயிற்று. இங்கு தினந்தோறும் பயன்படுத்தியதும் ஒன்றுமே தடவாததும் ஒப்பிடப்படவில்லை. ஒழுங்காகத் தடவியதும் தோன்றியபோது தடவியதும் ஒப்பிடப்பட்டன. ஒழுங்குக்கே அவ்வளவு பலன். அவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர் என்பதால் நமக்கு அதே எண் வரும் என்று சொல்ல முடியாது. திசை மட்டும் ஒன்றுதான்.

இரண்டாவது இங்கிலாந்தில் நடந்தது. பூட்ஸ் என்ற மருந்துக்கடை நிறுவனம் தன் கடைகளில் விற்ற 'நம்பர் 7' சீரம் பற்றி 2007ல் பி.பி.சி. தொலைக்காட்சியில் நல்லபடியாகச் செய்தி வந்தது. மக்கள் வரிசையில் நின்று வாங்க, கடைகளில் சரக்கே தீர்ந்துபோயிற்று. பிறகு அந்நிறுவனத்தின் பணத்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 60 பேரிடம் சோதித்து 2009ல் முடிவை வெளியிட்டனர். 6 மாதத்தில் சீரம் தடவியவர்களில் 100க்கு 43 பேருக்குச் சுருக்கம் குறைந்தது. வெறும் கிரீம் தடவியவர்களில் 100க்கு 22 பேருக்குக் குறைந்தது. இதை வியாபாரக் கணக்காகப் பார்ப்போம். நல்ல பெயர் வாங்கிய சரக்கிலேயே 6 மாதம் விடாமல் தடவியும் 57 பேருக்குப் பலன் தெரியவில்லை. பலன் தெரிந்தவர்களிலும் பாதிப் பலன் வெறும் கிரீமிலேயே கிடைக்கக்கூடியது.

மூன்றாவது அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற நுகர்வோர் இதழ் செய்த சோதனை. 2007 ஜனவரி இதழில் வெளிவந்தது. பல சுருக்கக் கிரீம்களை 12 வாரம் சோதித்தார்கள். முதலிடம் பெற்றவையும் சுருக்கத்தின் ஆழத்தைச் சராசரியாக 10 சதவீதத்துக்கும் குறைவாகவே குறைத்தன. அது கண்ணால் பார்த்து அறிவதே கடினம். விலைக்கும் பலனுக்கும் சம்பந்தம் காணப்படவில்லை. விலை மிகுந்தவற்றுள் ஒன்று கடைசி வரிசையில் நின்றது.

4. விளம்பர வாசகத்தைப் படிக்கும் முறை

சுருக்கக் கிரீம் விளம்பரங்களைக் கவனித்துப் படியுங்கள். "சுருக்கத்தை நீக்கும்" என்று எழுதமாட்டார்கள். "சுருக்கத்தின் தோற்றத்தைக் குறைக்க உதவும்" என்று எழுதுவார்கள். 'தோற்றம்', 'உதவும்' என்ற இரண்டு சொற்களும் சும்மா வைக்கப்பட்டவை அல்ல. அழகுப் பொருள் என்பது தோற்றத்தை மேம்படுத்துவது. உடலின் செயலையே மாற்றுகிறது என்று சொன்னால் அது மருந்து ஆகிவிடும், மருந்துக்குரிய உரிமமும் சோதனையும் வேண்டியிருக்கும். ஆகையால் நிறுவனம் அந்தக் கோட்டைத் தாண்டாமல் நிற்கிறது. கடையில் நிற்கும் நாம்தான் "பத்து வயது குறையும்மா" என்று சொல்லித் தாண்டிவிடுகிறோம்.

"100க்கு 90 பெண்கள் ஒப்புக்கொண்டனர்" என்றால் அது கருவி வைத்து அளந்தது அல்ல, கேட்டு எழுதிய அபிப்பிராயம். எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்பது அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். படத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் 2009ல் ட்விக்கி என்ற மூத்த மாடல் அழகி தோன்றிய ஓலே கண் கிரீம் விளம்பரத்தில் கண்ணைச் சுற்றியுள்ள சுருக்கங்கள் படத்தில் திருத்தப்பட்டிருந்ததால், அது தவறான எண்ணம் தருவது என்று விளம்பரத் தர அமைப்பு தீர்ப்பளித்தது.

5. பயன்படுத்தலாமா? முடிவு செய்யும் முறை

இனி அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம். பின்வரும் வரிசையில் யோசித்தால் விடை கிடைக்கும்.

முதலில், எந்தச் சுருக்கம் என்று பார்க்க வேண்டும். வறட்சியால் தெரியும் மெல்லிய கோடு என்றால் சாதாரண மாய்ஸ்சரைசர் போதும். வெயிலில் அலைபவர் என்றால் முதல் செலவு சன்ஸ்கிரீனுக்கு. சிரிப்புக்கோடு, நெற்றி மடிப்பு, தொங்கிய தோல் என்றால் எந்தக் கிரீமும் பெரிதாக உதவாது.

இரண்டாவது, முழுச் செலவு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். 50 கிராம் டப்பா 750 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1 கிராம் தடவினால் 50 நாளில் தீரும். பலன் தெரிகிறதா என்று பார்க்கவே 12 வாரம், அதாவது 84 நாள் ஆகும். எனவே அவர் முடிவு செய்ய வேண்டியது 750 ரூபாயை வைத்து அல்ல. இரண்டு டப்பா, 1,500 ரூபாயை வைத்து. பலன் இருந்தால் தொடர்ந்து வாங்கவும் வேண்டும். ஒரு டப்பா வாங்கிவிட்டு நிறுத்துவதாக இருந்தால் அந்த 750 ரூபாயும் வீண். வாங்காமல் இருப்பதே லாபம்.

மூன்றாவது, சன்ஸ்கிரீனில் கவனிக்க வேண்டியவை. எஸ்.பி.எஃப். 30 என்றால் 'பி' வகைக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் சுமார் 98. இந்த ஒரு சதவீதத்துக்காக இருமடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை. 'ஏ' வகையையும் தடுப்பதற்கு 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்ற சொல்லோ, 'பி.ஏ.' என்ற எழுத்தும் கூட்டல் குறிகளுமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகத்துக்கு மட்டும் கால் டீஸ்பூன் வேண்டும். அப்படித் தடவினால் 50 கிராம் டியூப் சுமார் 40 வேளைக்கு வரும். ஒரு டியூப்பை ஆறு மாதம் வைத்திருப்பவர் போதிய அளவு தடவவில்லை என்று பொருள். வெயிலிலேயே நிற்பவர் இரண்டு மணிக்கு ஒருமுறை தடவ வேண்டும். குடை, தொப்பி, நிழல் இவற்றுக்குச் செலவும் குறைவு, பக்க விளைவும் இல்லை.

நான்காவது, யார் வாங்கக்கூடாது என்று தெரிய வேண்டும். கர்ப்பிணிகளும் கருத்தரிக்க எண்ணுபவர்களும் ரெட்டினால் வகையைத் தவிர்க்க வேண்டும். முகத்தில் புண், அரிப்பு, ஒவ்வாமை உள்ளவர்கள் தோல் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தடவக்கூடாது. மற்றவர்களும் முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவிச் சில நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போவது நல்லது.

ஐந்தாவது, பலனை அளக்கும் முறை. கண்ணாடியில் தினமும் பார்க்கும் முகத்தில் மாற்றம் தெரியாது. தொடங்கும் நாளில் ஒரே ஜன்னல், ஒரே நேரம் என்று வைத்துச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும். 12 வாரம் கழித்து அதே இடத்தில் இன்னொன்று. இரண்டையும் வீட்டில் வேறொருவரிடம் காட்டிக் கேட்கட்டும். அவருக்கு வேறுபாடு தெரியவில்லை என்றால் அந்தச் சரக்கு வேண்டாம்.

6. தட்டில் வைக்கவே கூடாத சரக்கு

பலன் குறைந்த சரக்கு பணத்தைத்தான் வீணாக்கும். கெட்ட சரக்கு உடலைக் கெடுக்கும். இரண்டையும் பிரித்து அறிய வேண்டும்.

பாதரசம் கலந்த கிரீம்: முகத்தை வேகமாகப் பளபளப்பாக்கும் என்று பெயரில்லாத டப்பாக்களில் வருபவற்றில் பாதரசம் கலந்திருக்கக்கூடும். பாதரசம் தோல் வழியாக உடலில் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. கேரளாவில் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை பார்த்த ஒரு வகைச் சிறுநீரக நோயாளிகளில் பலர் முகப்பொலிவுக் கிரீம் பயன்படுத்தியவர்கள் என்பது தெரியவந்து, மருத்துவ இதழிலும் வெளியானது. நம் நாட்டு விதிகள் முகக் கிரீமில் பாதரசம் சேர்ப்பதை அனுமதிப்பதில்லை.

ஸ்டீராய்டு களிம்பு: பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன் போன்ற பெயருள்ள களிம்புகளை முகப்பொலிவுக்காகத் தடவும் பழக்கம் பரவியிருக்கிறது. முதலில் முகம் தெளிந்தது போல் இருக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, நிறுத்தினால் இன்னும் மோசமாகும். சுருக்கத்துக்குப் பயந்து தடவியவர் தோலையே இழக்க நேரும். 2018 முதல் இத்தகைய களிம்புகள் மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய 'ஹெச்' அட்டவணையில் உள்ளன. டிரெட்டினாயினும் அதே அட்டவணைதான். மருந்து விற்பனை உரிமம் இல்லாத மளிகைக் கடையில் இவற்றை வைப்பது குற்றம். "எல்லாக் கடையிலும் போகிறது" என்று சப்ளையர் சொன்னாலும் வாங்கக்கூடாது.

7. சட்டம் நம்மிடம் எதிர்பார்ப்பது

அழகுப் பொருள்களை விற்கத் தனி விற்பனை உரிமம் வேண்டியதில்லை. ஆனால் லேபிள் சரியாக உள்ள சரக்கைத்தான் விற்க வேண்டும். 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படியும் பொட்டலப் பொருள் விதிகளின்படியும் பார்க்க வேண்டியவை: உற்பத்தியாளர் பெயரும் முகவரியும், உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், எந்த மாதம் எந்த ஆண்டுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பு, நிகர அளவு, சேர்மானப் பட்டியல், எம்.ஆர்.பி. வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண்ணும், சான்றிதழ் பெற்றவரின் பெயர் முகவரியும் இருக்க வேண்டும். பில் இல்லாமல் பையில் கொண்டுவந்து தரும் "ஃபாரின் கிரீம்" எதிலும் இவை இருக்காது.

நம்மில் பலர் அறியாத விஷயம் ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவு விற்பனையாளரின் பொறுப்பைச் சொல்கிறது. உற்பத்தியாளர் தராத உத்தரவாதத்தை விற்பவர் தாமாகத் தந்து, அதன்படி பொருள் அமையாமல், அதனால் வாங்கியவருக்குத் தீங்கு நேர்ந்தால் விற்பவர் பொறுப்பாளி ஆகலாம். உற்பத்தியாளர் யார் என்றே தெரியாத சரக்காக இருந்தாலும் பொறுப்பு விற்பவர் தலையில் விழும். உற்பத்தியாளர் தந்த எச்சரிக்கையை வாங்குபவருக்குத் தெரிவிக்காமல் விடுவதும் இதில் சேரும். "கேரண்டிம்மா, நான் சொல்கிறேன், வாங்கிட்டுப் போங்க" என்று கல்லாவில் உட்கார்ந்து சொல்லும் ஒரு வார்த்தை அவ்வளவு கனமானது. கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

8. எவ்வளவு வாங்கி வைப்பது?

சுருக்கக் கிரீமில் டப்பாவுக்குக் கிடைக்கும் லாபம் பருப்பைவிடப் பெரிதாகத் தெரியும். சுழற்சியைச் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். உதாரணமாக, டப்பா 500 ரூபாய் வீதம் ஒரு டஜன் வாங்கினால் 6,000 ரூபாய். 600க்கு விற்றால் டப்பாவுக்கு 100 ரூபாய் லாபம். ஆண்டில் 4 டப்பா விற்றால் லாபம் 400. மீதி 8 காலாவதியாகி, சப்ளையரும் திரும்ப எடுக்கவில்லை என்றால் நஷ்டம் 4,000. அதே 6,000 ரூபாய் துவரம்பருப்பில் நூற்றுக்கு 3 ரூபாய் லாபத்தில் ஆண்டுக்கு 20 முறை சுற்றினால், முறைக்கு 180 வீதம் 3,600 ரூபாய் கிடைக்கும்.

எனவே, கேட்கும் வாடிக்கையாளர் இருந்தால் இரண்டு மூன்று மட்டும், சிறிய அளவில் வாங்கி வையுங்கள். காலாவதிச் சரக்கைத் திரும்ப எடுப்பதாக சப்ளையரிடம் எழுத்தில் பெறுங்கள். "பத்துக்கு ஒன்று இலவசம்" என்ற ஸ்கீமுக்காகப் பத்து வாங்க வேண்டாம். அதே பணத்தில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீனும் சாதாரண மாய்ஸ்சரைசரும் வைத்தால் விற்பனையும் வேகமாகும், வாங்குபவருக்கும் பலன் உறுதி.

வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். ரெட்டினாலும் வைட்டமின் சி.யும் வெளிச்சம், சூடு, காற்று மூன்றுக்கும் ஆகாதவை. வெயில் படும் முன் கண்ணாடித் தட்டிலும், தகரக் கூரை போட்ட கோடவுனிலும் வைத்தால் தேதி முடியும் முன்பே சரக்குக் கெட்டுவிடும். பழுப்பு நிறமாகிவிட்ட வைட்டமின் சி சீரத்தை விற்கக்கூடாது. வாய் அகன்ற டப்பாவைவிட டியூப், பம்ப் வகைகள் நல்லவை.

9. வாடிக்கையாளர் கேட்டால்

"அண்ணாச்சி, இது கேட்குமா?"
"மெல்லிய கோடு கொஞ்சம் குறையலாம்மா. மூணு மாசம் விடாமப் போடணும், ரெண்டு டப்பா ஆகும். ஆழமான மடிப்பு போகாது."

"விலை கூடினது நல்லா வேலை செய்யுமா?"
"அப்படிக் கணக்கு இல்லைம்மா. டப்பா அழகுக்கும் விளம்பரத்துக்கும் சேர்த்துத்தான் அந்த விலை."

"அப்போ எதை வாங்கட்டும்?"
"வெயில்ல போறவங்கன்னா முதல்ல சன்ஸ்கிரீன் வாங்குங்க. ராத்திரிக்குச் சாதாரணக் கிரீம் போதும். அதுக்கப்புறமும் ஆசை இருந்தா இதைப் பாருங்க."

"என் மகள் மாசமா இருக்கா, அவளும் போடலாமா?"
"ரெட்டினால் சேர்ந்தது வேண்டாம்மா. டாக்டரைக் கேட்டுட்டு வாங்குங்க."

இப்படிச் சொன்னால் அன்றைக்கு 750 ரூபாய் விற்பனை 200 ரூபாயாகக் குறையலாம். ஆனால் அந்த அம்மா மாதந்தோறும் வாங்கும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் நம் கடையிலேயே இருக்கும். மூன்று மாதம் தடவி ஒன்றும் ஆகாத முகத்தைக் கண்ணாடியில் பார்க்கும்போது, அவர் கோபித்துக்கொள்வது கிரீம் கம்பெனியை அல்ல, அதை எடுத்துக் கொடுத்த கையைத்தான்.

பாடத்தின் சாரம்

1. சுருக்கத்துக்கு வயதுக்கு அடுத்த பெரிய காரணம் வெயில். சன்ஸ்கிரீனும் நிழலும் முதல் செலவு.
2. சாதாரண மாய்ஸ்சரைசர் தரும் பலன் நிஜமானது, ஆனால் தற்காலிகமானது. விலை குறைந்ததே போதும்.
3. ரெட்டினால் வகை மெதுவாக, சிறிதளவு உதவும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது.
4. கொலாஜன், தங்கம், முத்து ஆகியவற்றின் பெயருக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம்.
5. லேபிள் இல்லாத கிரீமையும், ஸ்டீராய்டு, டிரெட்டினாயின் மருந்துகளையும் மளிகைக் கடையில் வைக்கக்கூடாது.
6. கம்பெனி தராத உத்தரவாதத்தை நாம் தரக்கூடாது.
7. குறைவாக வாங்கி, நிழலில் வைத்து, தேதி பார்த்து விற்க வேண்டும்.

இந்தப் பக்கத்தைக் கடையில் வேலை செய்யும் பிள்ளைகளிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நாம் கல்லாவில் இல்லாத நேரத்தில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்பவர்கள் அவர்கள்தான்.